உட்கார ஓர் இடம்

நான் வீட்டில் பொய் சொல்லத் தொடங்கியது ஒரு டீக்காக. அதுவும் வீட்டிலேயே கிடைக்கிற டீக்காக.

பள்ளிக்கூடம் நாலு மணிக்கு முடியும். கொடைரோடு போகிற வழியில் இருக்கும் சின்னத் தனியார் பள்ளி அது. மூன்றாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர். அங்கே பஸ் ஏறினால் நாலரைக்கெல்லாம் திண்டுக்கல் நாகல் நகரில் இறங்கிவிடலாம். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. ஆனாலும் நான் வாசல்படி ஏறும்போது மணி ஐந்து ஆகியிருக்கும். நடுவில் காணாமல் போன நேரத்தை வீட்டில் யாரும் துருவிக் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே நான் காரணத்தைக் கையில் வைத்திருப்பேன். ரயில்வே கேட் போட்டுவிட்டான். பஸ்ஸில் கூட்டம், அடுத்த பஸ்ஸில்தான் ஏற முடிந்தது. ஹெட்மிஸ்டிரஸ் திடீரென்று மீட்டிங் வைத்துவிட்டார். எட்டு வருடத்தில் அந்த அம்மாள் நிஜமாக வைத்த மீட்டிங்குகளைவிட என் வாயால் நடந்தவை அதிகம்.

அந்த நேரத்தில் நான் பேக்கரியில் இருந்தேன். நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருந்தது அது. கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன், ரஸ்க், வருக்கி, முட்டை பப்ஸ். முன்னால் பாய்லர். உள்ளே நாலு மேசை. அதற்கும் உள்ளே பிளைவுட் தட்டி வைத்து மறைத்து, கறை படிந்த திரை தொங்கவிட்டு, ‘ஃபேமிலி ரூம்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். முதல் முறை மழைக்கு ஒதுங்கியவளைப் பார்த்து, “குடும்பத்தோட உக்கார எடம் உள்ள இருக்குதுங்க” என்று மரியாதையாகத் திரையைக் காட்டினார் கடைக்காரர். குடும்பத்திடமிருந்து இருபது நிமிடம் தப்பித்து வந்தவளைக் குடும்ப அறைக்குள் அனுப்பினால் எப்படி? “இங்கயே உக்காந்துக்கிறேண்ணே” என்று சாலையைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து ஆண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண் தனியாகக் கடையில் உட்கார்ந்தால், ஒன்று வெளியூர்க்காரி, இல்லையென்றால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள். எனக்கு அன்று எந்தச் சண்டையும் இல்லை. காலுக்குப் பக்கத்தில் ஐம்பது நோட்டுகள் கொண்ட பை மட்டும் இருந்தது.

அந்தப் பையைப் பார்த்துத்தான் அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கியிருக்க வேண்டும். நான் அவரை அண்ணே என்றேன். எட்டு வருடத்தில் அதற்கு மேல் நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை. அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் ஒரு டீயைக் கொடுப்பதற்கு இத்தனை ‘ங்க’ போட மாட்டார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்ததும் அவர் பாலை ஆற்றத் தொடங்குவார். நான் சாலையைக் கடந்து வருவதற்குள் டீ மேசைக்கு வந்திருக்கும். நாலே கால் ஆனதுமே அந்த மேசையின் நாற்காலியைச் சாய்த்து வைத்துவிடுவார், வேறு யாரும் உட்காராமல் இருக்க. இதைச் செய்யச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஏன் தனியாக வருகிறீர்கள், வீடு எங்கே, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஒரு வார்த்தை அவரும் கேட்டதில்லை. திண்டுக்கல்லில் இப்படி ஒரு மனிதர் கிடைப்பது லேசான காரியமா?

அங்கே உட்கார்ந்து நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. டீ குடித்தேன். சில நாள் பப்ஸ் தின்றேன். பஸ்ஸில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்தேன். அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் எட்டு மணி வரை சமையலறை, பிறகு மாலை வரை முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ‘மிஸ், மிஸ்’ என்று இழுக்கும் இழுப்பு, ஐந்து மணிக்கு மேல் மறுபடியும் சமையலறை. இதில் யாரும் என்னைக் கூப்பிடாத நேரம் அந்த இருபது நிமிடம் மட்டும்தான். அதை வீட்டில் சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றும். சொன்னால், “வீட்டுலதான் டீ இருக்குல்ல?” என்பார்கள். இருக்கிறதுதான்.

பிறகு கொரோனா வந்தது. முதலில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அப்புறம் எல்லாவற்றையும் மூடினார்கள். மூன்று வாரம் என்றார்கள். மூன்று வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நானும் நினைத்தேன்.

எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்டது. அதில் என் வீட்டுக்காரர், பத்தாவதும் ஏழாவதும் படிக்கிற இரண்டு மகள்கள், என் அத்தை, நான். அத்தை என்றால் வீட்டுக்காரரின் அம்மா. சாதாரண நாளில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது ராத்திரி தூங்கும்போது மட்டும்தான். அவருக்கு மில்லில் ஷிஃப்ட், பிள்ளைகளுக்கு டியூஷன், அத்தைக்குக் கோயில், மார்க்கெட். இப்போது நாள் முழுக்க ஐந்து பேர். ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் இன்னொருவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொருவரும் தாங்கள் இழந்ததைச் சொல்லிப் புலம்பினார்கள். அவருக்குப் பாலத்துக்குக் கீழே இருந்த டீக்கடை போய்விட்டது. அங்கே மில்காரர்கள் நாலு பேர் கூடி உலகத்தையே சரிசெய்வார்கள். அது இல்லாமல் உலகம் கெட்டதோ இல்லையோ, இவருக்குக் காலையில் வயிறு கெட்டுப்போனது. சின்னவளுக்குப் பானிபூரி வண்டி. பெரியவளுக்கு, தலைமுடியை அவள் சொல்கிற மாதிரி வெட்டுகிற பியூட்டி பார்லர். அத்தைக்குப் பூக்காரம்மா. பூ மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகையைப் பறிக்காமலே விட்டிருக்கிறார்கள் என்று செய்தியில் காட்டினார்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது பூ இல்லாத சாமி படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். தெருமுனை ஜெராக்ஸ் கடை, பிளவுஸ் தைக்கிற டெய்லர், இட்லி மாவு அரைத்துத் தருகிற கடை, எல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. டெய்லரிடம் என் இரண்டு பிளவுஸ் மாட்டிக்கொண்டதை நானும் மற்றவர்களோடு சேர்ந்து சத்தமாகப் புலம்பினேன். பேக்கரியைப் பற்றி எப்படிப் புலம்புவது?

ஒருநாள் சாயங்காலம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். லாக்டவுன் முடிந்ததும் முதலில் எங்கே போவது என்று பிள்ளைகள் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என்னைப் பார்த்து, “நீ எங்கம்மா போவ?” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார்: “அம்மாவுக்கு என்ன? ஒண்ணும் பெருசா மாறல. பஸ்ஸுல போயி வார அலைச்சல்தான் மிச்சம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு வெங்காயத் தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். “ஆமா, எனக்கு ஒண்ணும் இல்ல” என்றேன். அத்தை ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வெங்காயத்தை உரித்தார்.

மொட்டைமாடியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். டம்ளரில் டீயை எடுத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சிறுமலையைப் பார்த்தபடி. இரண்டு வாய் குடித்திருப்பேன். சின்னவள் கணக்கில் சந்தேகம் கேட்க வந்தாள். அவள் பின்னாலேயே அவர் போனில் சிக்னல் தேடி வந்தார். அவர் பின்னால் அத்தை வடகம் காயப்போட வந்தார். ஐந்து நிமிடத்தில் பெரியவளும், எல்லாரும் மாடியில் இருக்கிறார்களே என்று, வந்து சேர்ந்தாள். கடைசியில் நான் ஐந்து டம்ளர் டீ போடக் கீழே இறங்கினேன்.

பள்ளியிலிருந்து போனில் பாடம் நடத்தச் சொன்னார்கள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஆறாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். பின்னால் கைலியோடு அவர் குறுக்கே போவார். அந்தப் பக்கம் முப்பத்தெட்டு வீடுகளின் மிக்ஸிச் சத்தம். முன்பு பள்ளிக்கூடம் தனி, வீடு தனி. இப்போது இரண்டும் ஒரே அறைக்குள் வந்து என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டன. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மூன்று வாரம் என்பதை இன்னும் மூன்று வாரம் என்றார்கள். இந்த வீட்டிலிருந்து யாரையாவது கடித்துக் குதறாமல் நான் வெளியே வருவேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எதற்கெடுத்தாலும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். ஒருநாள் தோசைக் கரண்டியால் சின்னவளின் கையில் அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான்தான் அழுதேன்.

மறுநாள் காய் வாங்கிவருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மதியம் ஒரு மணி வரை வெளியே போகலாம் என்றிருந்த நேரம் அது. காய்க்கடையைத் தாண்டி நேராகப் பேக்கரிக்குப் போனேன். ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். அவர் உள்ளே தனியாக மாவு பிசைந்துகொண்டிருந்தார். மேசைகளைக் காணோம்.

“வாங்க டீச்சர்” என்று அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “உள்ள உக்காரச் சொல்ல முடியலீங்க. சேரு, டேபிளெல்லாம் தூக்கி மேல போட்டுட்டேனுங்க. ஒருத்தர் உக்காந்திருந்தாலும் சீல் வெச்சுருவோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. டீயும் போடக் கூடாதுங்களாம். பிரட்டு, பன்னு பார்சல் மட்டும் குடுக்கலாங்க.”

“நான் சும்மாதாண்ணே வந்தேன். காய் வாங்க.”

“மாஸ்டர் ஊருக்குப் போயிட்டாருங்க. நானேதான் பெசஞ்சு போடறேன். பன்னு ஒண்ணொண்ணும் ஒவ்வொரு சைஸ்ல வருதுங்க” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஷட்டருக்கு வெளியே நான் குனிந்தே நின்றிருந்தேன். போலீஸ் ஜீப் ஒன்று மைக்கில் கத்திக்கொண்டே தாண்டிப் போனது.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கடையைத் தேடி யாரும் வர்றதில்லீங்க டீச்சர். நாளையிலிருந்து வண்டீல வெச்சுத் தெருத்தெருவாப் போலாம்னு இருக்கேன். ஆனா புது ஆளுன்னா சனம் பயப்படுதுங்க. எங்கிருந்து வர்றான், என்ன சீக்கைக் கொண்டுவர்றான்னு பாக்கறாங்க. உங்க தெரு எதுங்க?”

தெருவைச் சொன்னேன். வீட்டு அடையாளமும் சொன்னேன்.

“அங்க வந்தா, தெரிஞ்சவருதான்னு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. டீச்சர் சொன்னா நாலு வீட்டுல வாங்குவாங்க. அது போதுங்க.”

“கண்டிப்பாச் சொல்றேண்ணே. இதுகூடச் செய்ய மாட்டேனா?” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எட்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது. திரும்பி வரும் வழியெல்லாம் நெஞ்சு லேசாக இருந்தது. காய் வாங்க மறந்துபோய், பாதி வழியில் திரும்பப் போய் வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை எங்கள் தெருவுக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் விட்டார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். தெரு முழுக்கப் பெண்கள் குடத்தோடு வாசலில் நின்றிருந்தார்கள். நானும் அத்தையும் எங்கள் குழாயடியில் நின்றோம். எதிர்வீட்டு அக்கா மூக்குக்குக் கீழே மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு, நாலு தெரு தள்ளித் தகரம் அடித்து அடைத்துவிட்டார்கள் என்ற செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார். நோயைக் கொண்டுவந்தவர் யாரோ வெளியாள் என்பது அவர் முடிவு. “எவனையும் தெருவுக்குள்ள விடக் கூடாது” என்றார்.

அப்போதுதான் மொபெட் சத்தம் கேட்டது. பின்னால் பெரிய பிளாஸ்டிக் கூடையைக் கட்டியிருந்தார் பேக்கரி அண்ணன். “பிரட்டு, பன்னு, ரஸ்க்குங்க” என்று ஒரு குரல். விற்றுப் பழகாத குரல். கூச்சத்தோடு, பாதி மாஸ்க்குக்குள்ளேயே நின்றுபோனது. வண்டி யார் வீட்டிலும் நிற்காமல் நேராக என் வாசலுக்கு வந்து நின்றது.

“டீச்சர், காலையில போட்டதுங்க. சூடு ஆறலீங்க” என்றார். மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது.

தெரு முழுவதும் பார்த்தது. எதிர்வீட்டு அக்கா பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அத்தை குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டார்:

“தெரிஞ்சவரா?”

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஆமாம் என்றால், எப்படித் தெரியும் என்ற கேள்வி அடுத்து வரும். எந்தக் கடை, எப்போது போனாய், எதற்குப் போனாய். எட்டு வருடத்து ரயில்வே கேட்டும் மீட்டிங்கும் தெருவில், இத்தனை குடங்களுக்கு நடுவில் வந்து விழும். என் கண்முன்னால் அத்தனையும் ஓடியது. உள்ளே ஜன்னலோரம் என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“இல்ல அத்த” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “யாருன்னு தெரியல. இப்ப இருக்கிற நெலமையில வெளிய வாங்க வேணாம்.”

பாடம் நடத்துகிற குரல் என்னுடையது. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டு, “மன்னிச்சுக்கோங்க. வேற வீடுன்னு நெனச்சுட்டேனுங்க” என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் பிரட் வாங்கத் தட்டோடு வந்து நின்றிருந்தாள். எதிர்வீட்டு அக்கா அவளைப் பார்த்து, “டீச்சருக்கே யாருன்னு தெரியாதாம். பேசாம உள்ள போ” என்றார். அவள் போய்விட்டாள். மொபெட் தெருவின் மறு முனை வரை மெதுவாகப் போனது. எந்த வாசலிலும் நிற்கவில்லை. கூவவும் இல்லை.

குடம் நிரம்பி வழிந்து என் காலை நனைத்தது. அத்தைதான் குழாயை மூடினார்.

நாளைக்கே போய்ப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். என்ன பேசுவது என்று அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்தேன். மறுநாள் போகவில்லை. தைரியம் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் எங்கள் தெருக்கோடியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று ஆம்புலன்ஸ் வந்தது. மத்தியானத்துக்குள் தெருவின் இரண்டு பக்கமும் தகரம் அடித்துவிட்டார்கள். பிளீச்சிங் பவுடர் வாசம் சோற்றிலும் வந்தது. தகரத்தை எடுக்கும்போது என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் தொடங்கியது. வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்களைப் பார்த்தால் எதிர்வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்தினார். நாங்கள் யாருக்கும் தெரியாதவர்கள் ஆனோம். வீட்டுக்காரர் தேறிவிட்டார். ஆனால் நான் தெருவை விட்டு வெளியே கால் வைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போனபோது ஷட்டர் முழுவதும் இறங்கியிருந்தது. மேலே போர்டு இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் பழைய நிறத்தில் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் பஞ்சர் கடைக்காரர் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

“அவரு போயி ஒரு மாசமாச்சு. ஓவனு, பாய்லரு எல்லாத்தையும் வித்துட்டாரு.”

“எங்க போனாரு?”

“ஊருக்குத்தான். ஒட்டன்சத்திரத்துக்கு அங்கிட்டு ஏதோ ஊரு. பாவம், வண்டியில வச்சு வித்துப் பாக்குறேன்னு கெளம்புனாரு. முத நாளு பொழுதுக்கும் சுத்திட்டு அம்புட்டையும் திருப்பிக் கொண்டாந்தாரு. மறுநாளு வண்டிய எடுக்கல.”

“அவரு பேரு என்னண்ணே?”

பஞ்சர் கடைக்காரர் என்னை வினோதமாகப் பார்த்தார். “நீங்க தெனமும் வருவீங்களே டீச்சர், ஒங்களுக்குத் தெரியாதா? நான் மாப்ளன்னுதான் கூப்புடுவேன்.” போன் நம்பர் கேட்டேன். அவரிடம் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். அரிசி களைந்தேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தேன். குக்கர் மூடியைப் போடப் போனபோது அது சரியாக உட்காரவில்லை. ரப்பர் நழுவிக்கொண்டே இருந்தது. மூடியைத் தரையில் வீசிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை வந்து நின்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை. மூடியை எடுத்து, ரப்பரைச் சரிசெய்து, குக்கரை மூடினார். பிறகு கேட்டார்:

“கடைய எடுத்துட்டானா?”

எனக்குப் புரியவில்லை. “எந்தக் கடைய அத்த?”

“அதான், பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல. நீ தெனமும் ஒக்காருவியே.”

அத்தை சிங்க்கில் பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“நாலஞ்சு வருசம் இருக்கும். காப்பிக்கு ரஸ்க்கு வாங்கலாம்னு போனேன். கண்ணாடி வழியாப் பாத்தா நீ ஒக்காந்திருக்க. ஒத்தையில. வெளிய பாத்துக்கிட்டு. வீட்டுல உன் மூஞ்சிய நான் அப்படிப் பாத்ததில்ல. ரஸ்க்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு திரும்பி வந்துட்டேன்.”

“ஏன் அத்த என்னயக் கேக்கல?”

“கேட்டா நீ போக மாட்டல்ல?”

அத்தை பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். அவருக்கும் ஏதோ கோபம் இருந்தது. அது குரலில் வந்தது.

“அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி நான் எதுக்குக் கேட்டேன்? தெரிஞ்சவரான்னு? நீ ஆமான்னு மட்டும் சொல்லியிருந்தா, மேக்கொண்டு யாரும் பேசாம நான் பாத்திருப்பேன். நாலு பாக்கெட்டு வாங்கியிருப்பேன். நீ இல்லைங்குற. என்ன கோவமோ, அந்தாளு என்ன தப்புப் பண்ணானோன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்.”

“அவரு ஒரு தப்பும் பண்ணல அத்த.”

“அப்பறம் எதுக்குடி அனுப்புன?”

உங்களுக்குப் பயந்துதான் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. குக்கர் மூன்று விசில் அடித்தது. இரண்டு பேரும் நிறுத்தப் போகவில்லை. சோறு குழைந்துபோனது. அன்று அதைத்தான் எல்லாரும் சாப்பிட்டார்கள்.

ஒட்டன்சத்திரம் போய்த் தேடினேன். கல்யாணத்துக்குப் போன இடத்தில், பழனி சாலையில் இருக்கும் பேக்கரிகளில் ஏறி இறங்கினேன். நாகல் நகரில் கடை வைத்திருந்தவர், கொஞ்சம் கறுப்பு, அதிகம் பேச மாட்டார் என்று அடையாளம் சொன்னேன். “பேரு என்னங்க?” என்றார்கள் எல்லாரும். எட்டு வருடம் ஒருவர் கையால் டீ குடித்துவிட்டு, பெயர் தெரியாது என்று சொன்னால் யார்தான் மதிப்பார்கள்? இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். உள்ளே உட்கார நாற்காலி கிடையாது.

பள்ளி திறந்துவிட்டது. பழைய பஸ்ஸில்தான் வருகிறேன். இறங்கியதும் நேராக வீடு. நாலு முப்பத்தைந்துக்கெல்லாம் வாசல்படியில் நிற்கிறேன். யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. அத்தை மட்டும் என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த முகத்தை என்னால் தாங்க முடிவதில்லை. போன மாதம் ஒருநாள், பையைக் கீழே வைப்பதற்குள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்:

“எதுக்கு இம்புட்டு வெரசா வார? போ. எங்கயாச்சும் செத்த நேரம் ஒக்காந்துட்டு வா. சோறு, வெஞ்சனமெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

அவர் சொன்னதற்காகவே திரும்ப நடந்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் மேசைக்கு நாலு பேராக நெருக்கி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றவளைப் பார்த்து, “பார்சலா மேடம்?” என்றார்கள். இல்லை என்று வந்துவிட்டேன். டீக்கடைகளில் எல்லாரும் நின்றுதான் குடிக்கிறார்கள், பெண்கள் யாரும் இல்லை. கடைசியில் பஸ் நிறுத்தத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. எங்கள் தெருக்காரரின் ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

“எங்க போகணும் டீச்சர்?”

“எங்கயும் இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்.”

அவர் நம்பவில்லை. “வீட்டுல எதுவும் பிரச்சனையா? வீட்டுக்காரருக்குப் போன் பண்ணவா?” என்றார். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் கேட்டார். பின்னால் இன்னொரு ஆட்டோவும் வந்து நின்று எட்டிப் பார்த்தது. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அத்தை அடுப்படியிலிருந்து, “அதுக்குள்ளயா வந்துட்ட?” என்றார்.

“ஆமா அத்த” என்றேன்.